ரிமோட் லாரியும் நம்ம ஊர் ரேடியோவும்

போன லீவில் தம்பியின் ரிமோட் லாரி இடது பக்கமே இழுத்தது. ரிமோட்டில் இருந்த ட்ரிம் குமிழை வலது பக்கம் கடைசிவரை திருகினேன். லாரி நேராகப் போனது, ஆனால் வலப்பக்கம் வளையவில்லை. தம்பிக்கு அழுகையே வந்துவிட்டது. காரணம் தேடப் போய்த்தான் இந்தப் பழைய கதையெல்லாம் படித்தேன்.

1898-ல் நியூயார்க்கில் நிகோலா டெஸ்லா ரேடியோ அலையால் ஒரு சின்னப் படகை ஓட்டினார். சுக்கானும் தூரத்திலிருந்தே திரும்பியது!

நம்ம கோவையிலும் ஸ்டியரிங், ரேடியோ இரண்டுக்கும் கதை உண்டு. 1920-ல் ஜி.டி.நாயுடு ஒரே பஸ்ஸோடு பொள்ளாச்சி–பழனி வழியில் தொழில் தொடங்கினார். யு.எம்.எஸ். என்ற பெயரில் பஸ்ஸும் ஓடியது, ரேடியோவும் வந்தது. ஆனால் இரண்டும் தனித்தனி.

ரிமோட் வண்டியில் இரண்டையும் சேர்த்து வைப்பது சர்வோ என்னும் குட்டி மோட்டார். ரிசீவர் தரும் துடிப்பு 1.5 மில்லி செகண்ட் என்றால் அது நடுவில் நிற்கும். 1 என்றால் ஒரு கோடி, 2 என்றால் மறு கோடி. ட்ரிம் அந்த நடுவையே நகர்த்துகிறது. வலப்பக்கம் திரும்ப இருந்த இடத்தை நான் திருகிய ட்ரிம்மே தின்றுவிட்டது.

ட்ரிம்மை நடுவில் வைத்தேன். சர்வோவின் கையைக் கழற்றி, சக்கரம் நேராக நிற்கும்படி மாட்டினேன்.

"அண்ணா, ரெண்டு பக்கமும் வளையுதுண்ணா!"