வெள்ளாவியில் இருந்து ஸ்டீம் மெஷின் வரை: ஈரக்காற்றோடு ஒரு ஊரின் வழக்கு

கொஞ்ச நாளா முகநூலைத் திறந்தால் 'நீராவித் துப்பரவு' விளம்பரங்கள்தான். மெத்தை, செட்டி, டைல்ஸ் இடுக்கு, குளியலறைச் சுவர் எல்லாத்துக்கும் ஆவி அடித்துத் தருவார்களாம். இரசாயனம் இல்லை, கிருமி இல்லை, பூஞ்சணம் திரும்பி வராது என்றெல்லாம் வாக்குறுதி. புதிய தொழில்நுட்பம் என்று வேறு போட்டிருக்கிறார்கள். அந்த 'புதிய' என்ற சொல்தான் எங்களுக்கு இடறியது.

ஏனென்றால் ஆவியால் அழுக்கெடுக்கிற வேலைக்குத் தமிழில் பழைய பெயரே இருக்கு: வெள்ளாவி. துணியை உவர்மண் கரைத்த காரநீரில் ஊறவைத்து, பிழிந்து, பெரிய பானைக்கு மேல் சுற்றிச்சுற்றி அடுக்கி, மூடிக் கட்டி, கீழே தீ எரிப்பார்கள். பானைத் தண்ணீர் கொதித்து எழும் ஆவி அடுக்கின் ஊடாக இரவெல்லாம் ஏறும். காரமும் சூடும் சேர்ந்து எண்ணெய்ப்பிசுக்கைக் கழற்றும், பேனும் அதன் முட்டையும் சாகும். விடிந்ததும் துணியை ஆற்றிலோ குளத்திலோ அடித்துத் துவைத்து வெயிலில் விரிப்பார்கள். சூடு, காரம், அலசல், வெயில் என்று நாலு படி. இதில் நாலாவது படியை மறக்காமல் வைத்திருங்கள், பிறகு தேவைப்படும்.

இந்த அறிவு யாரிடம் இருந்தது என்பதும் முக்கியம். வண்ணார் என்று ஒதுக்கப்பட்ட மக்களிடம். அவர்கள் வெளுத்த துணி இல்லாமல் கல்யாணமும் இல்லை, மரணவீடும் இல்லை. பந்தலுக்கு வெள்ளை கட்டுவதும் அவர்கள் கடமைதான். ஆனால் அதே கைகளுக்கு மரியாதை கிடைக்கவில்லை. 1969 அளவில் அக்கரைப்பற்றுக்கு வந்து தங்கி ஆய்வு செய்த மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே, இந்த ஊரின் தமிழர் முஸ்லிம்களின் குடி முறை, சாதி, சடங்கு பற்றி 2008இல் ஒரு பெரிய புத்தகமே வெளியிட்டார். வண்ணாரின் சடங்குக் கடமைகளும் அதில் வருகின்றன. இன்றைக்கு ஒரு மெஷினைத் தூக்கிக்கொண்டு சீருடையில் வந்தால் அதே வேலைக்குப் பெயர் 'சேவிஸ்'. சம்பளமும் உண்டு, சாதிப் பெயரும் இல்லை. நல்லதுதான். ஆனால் முதலில் செய்தவர்களின் பெயர் அந்த விளம்பரத்தில் எங்கேயும் இல்லை.

ஆவி ஏன் இவ்வளவு வலியது என்பதை ஆய்வுகூடத்தில் காட்டியது 1881இல், பெர்லினில். ரொபர்ட் கொக்கும் அவரது கூட்டாளிகளும் அந்திராக்ஸ் வித்திகளை வைத்துப் பரிசோதித்தார்கள். உலர்ந்த சூடான காற்றில் அவற்றைக் கொல்ல 140 பாகையில் 3 மணித்தியாலம் தேவைப்பட்டது. 100 பாகை நீராவிக்குச் சில நிமிடங்களே போதுமாக இருந்தது. காரணம் பாடசாலையில் படித்த மறைவெப்பம்தான். ஒரு கிராம் ஆவி குளிர்ந்த பரப்பில் பட்டுத் தண்ணீராக மாறும்போதே சுமார் 2260 யூல் வெப்பத்தைக் கொட்டிவிடும். அதே ஒரு கிராம் கொதிநீர் 100இல் இருந்து 30 பாகைக்கு ஆறும்போது தருவது 300 யூல்கூட இல்லை.

அதற்குப் பிறகு துறைமுகங்களிலும் ஆஸ்பத்திரிகளிலும் ஆவி அறைகள் வந்தன. 1914இல் கொழும்பில் பிளேக் பரவியது. தோட்டங்களுக்கு ஆள் கொண்டுவந்த கொலனி அரசு, கடலுக்கு அந்தப்பக்கம் மண்டபத்தில் தனிமைப்படுத்தல் முகாம் நடத்தியது. பெட்டி படுக்கையோடு வந்த கூலித் தொழிலாளர்களை அங்கே நிறுத்தி, குளிக்க வைத்து, உடுதுணிக்குத் தொற்றுநீக்கி, பிறகுதான் கப்பல் ஏற்றினார்கள். பல பத்தாண்டுகள் கழித்து இங்கிருந்து போன அகதிகளும் அதே மண்டபத்தில்தான் தங்கவைக்கப்பட்டார்கள் என்பது வேறு கதை. 'சுத்தம்' என்ற சொல்லோடு எப்போதும் ஒரு வரிசையும் ஒரு காவலாளியும் வருவார்கள்போல.

சரி, ஊருக்கு வருவோம். அக்கரைப்பற்றுக்குப் பெரிய மழை வடகீழ்ப் பருவக்காற்றோடு வருவது. ஐப்பசியில் தொடங்கினால் தை வரைக்கும் சுவர் காயாது. சாரீரப்பதன் 80 சதவீதத்தைத் தாண்டுவது சாதாரணம். 30 பாகை வெப்பமும் 80 சதவீத ஈரப்பதனும் இருந்தால் பனிபடுநிலை 26 பாகை அளவில் நிற்கும். அதாவது 26 பாகைக்குக் கீழே இறங்கிய எந்தச் சுவரும் டைல்ஸும் தானாகவே வியர்க்கும். அலுமாரிக்குப் பின்பக்கம், வடக்குச் சுவர் மூலை, மெத்தையின் அடி எல்லாம் பூஞ்சணத்துக்குச் சொர்க்கம்.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. 10 அடிக்கு 10 அடி அறை, உயரமும் 10 அடி என்று வையுங்கள். கிட்டத்தட்ட 28 கன மீற்றர் காற்று. 30 பாகையில் ஒரு கன மீற்றர் காற்று அதிகபட்சம் 30 கிராம் நீராவியைத் தாங்கும். ஆக அறைக்கு 850 கிராம் அளவு. 80 சதவீதம் ஏற்கனவே நிரம்பியிருந்தால் மிச்ச இடம் சுமார் 170 கிராம். ஒரு தேத்தண்ணிக் கோப்பை அளவு! வீட்டுக்கு வாங்கும் சின்ன ஸ்டீம் மெஷினின் தாங்கியே ஒரு லீட்டர் தண்ணீர் பிடிக்கும். யன்னலைப் பூட்டிவிட்டு அதை ஓட்டி முடித்தால், மிச்சம் முழுக்க சுவரிலும் மெத்தையிலும்தான் போய் உட்காரும். இன்றைக்குப் பூஞ்சணத்தைக் கொன்றுவிட்டு, அடுத்த கிழமைப் பூஞ்சணத்துக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டுப் போகிறார்கள். ஐரோப்பிய குளிர்நாட்டில், ஹீட்டர் ஓடும் உலர்ந்த அறையில் இந்த மெஷின் நடந்துகொள்ளும் விதம் வேறு. அதனால்தான் வெள்ளாவியின் நாலாவது படியை மறக்க வேண்டாம் என்றோம். மாரியில் வெயில் எங்கே?

அப்படியென்றால் முந்தி என்ன செய்தார்கள்? மூத்தம்மாமாரைக் கேட்டால் சுண்ணாம்பைச் சொல்லுவார்கள். நோன்புக்கு முந்தி வீட்டை ஒதுக்கி, பாய் தலையணையை வளவில் காயப்போட்டு, சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பது பல வீடுகளில் பெருநாளைவிடப் பெரிய வேலை. அதில் அழகு மட்டும் இல்லை. நீற்றிய சுண்ணாம்பின் பீ.எச். பெறுமானம் 12ஐத் தாண்டும். அந்தக் காரத்தில் பூஞ்சணம் பிழைக்காது. பிறகு அது காற்றில் உள்ள காபனீரொட்சைட்டை எடுத்துக் கல்லாக இறுகும், ஆனாலும் ஈரத்தை உள்ளே பூட்டாது. சுவர் குடித்த தண்ணீரைச் சுவரே வெளியே விடும். கிடுகுக் கூரையும் முகட்டு இடைவெளியும் மிச்சத்தைப் பார்த்துக்கொண்டன. இந்தச் சுண்ணாம்புக்கும் ஒரு விலை இருந்தது. இலங்கைக் கரையோரத்தில் பெருமளவு சுண்ணாம்பு பவளப்பாறையை உடைத்துச் சுட்டதுதான். கரையோரப் பாதுகாப்புச் சட்டத்தின் 1988ஆம் ஆண்டுத் திருத்தம் அந்த அகழ்வைத் தடுத்தது. தடுத்தது சரிதான், பாறை போனால் கரையும் போகும். ஆனால் அந்த இடத்தைப் பிடித்த சீமெந்தும் பிளாஸ்திக் பெயின்ற்றும் ஈரத்தைப் பூட்டி வைப்பவை.

இன்னொரு விசயம், இதைச் சொல்லாமல் இந்தக் கரையின் வீட்டைப் பற்றிப் பேசவே ஏலாது. இங்கே வீடு பெண்ணுடையது. தமிழரோ முஸ்லிமோ, மகளுக்குச் சீதனமாக வீடு எழுதுவார்கள், மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வருவார். பெற்றோர் சிலவேளை ஒரு சின்ன வீட்டைக் கட்டிக்கொண்டு ஒதுங்குவார்கள். ஒரு சுவரில் பூஞ்சணம் ஏறுவது வெறும் அசிங்கம் இல்லை. வாப்பா வெளிநாட்டில் உழைத்தோ வயல் விற்றோ கட்டிய, ஒரு பெண்ணின் பேரில் இருக்கிற ஒரே ஆதனம் உரிந்து விழுகிறது என்று அர்த்தம். துடைக்கிற வேலை முழுக்கப் பெண்களின் தலையில் விழுந்தது அநியாயம். அதே நேரம், துடைத்தவள் தன் சொத்தைத்தான் துடைத்தாள் என்பதையும் பார்க்க வேண்டும்.

2004 டிசம்பர் 26 இதையெல்லாம் புரட்டிப் போட்டது. நாட்டில் 30,000க்கு மேற்பட்டோர் இறந்தார்கள். அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000க்கு மேல், வேறெந்த மாவட்டத்தையும்விட அதிகம். தண்ணி வடிந்த பிறகு நின்ற வீடுகளைக் கழுவியவர்களுக்கு ஒரு புது எதிரி கிடைத்தது: உப்பு. சாப்பாட்டு உப்பு 75 சதவீத ஈரப்பதனைத் தாண்டினால் காற்றில் இருந்தே தண்ணீர் இழுத்துக் கரையும். கடலுப்பில் கலந்திருக்கும் மகனீசியம் குளோரைட்டுக்கு 33 சதவீதமே போதும். ஆக கடல் குடித்த சுவர் மழை பெய்யாமலே நனையும். காய்ந்தால் உப்புப் பூக்கும், பூச்சு உதிரும். இப்படிப்பட்ட சுவருக்கு ஆவி அடிப்பது உப்பை இன்னும் உள்ளே கரைத்து அனுப்புவதுதான்.

கிணறுகளில் நடந்ததும் இதே பாடம்தான். உப்பேறிய கிணறுகளை உதவி நிறுவனங்களும் ஊராரும் மோட்டர் போட்டு இறைத்தார்கள், திரும்பத் திரும்ப இறைத்தார்கள். இந்த மணற்கரையில் நல்ல தண்ணீர் என்பது உவர்நீருக்கு மேல் மிதக்கும் மெல்லிய படை. அளவுக்கு மீறி இறைத்தபோது கீழே இருந்த உவர் மேலே ஏறியது. கிழக்கில் ஆய்வு செய்த சர்வதேச நீர் முகாமைத்துவ நிறுவகமும் இறைப்பு பெரிதாக உதவவில்லை என்றுதான் கண்டது. கடைசியில் உப்பைக் கழுவியது மாரி மழை. நாங்கள் திட்டித் தீர்க்கிற அதே மழை.

புது வீடுகள் வந்தபோது பத்திரத்தில் 'குடும்பத் தலைவர்' என்று கணவனின் பெயரைப் போடும் வழக்கமும் கூடவே வந்தது. தலைமுறையாகப் பெண்ணின் பேரில் வீடு இருந்த ஊர்களில் இது நடந்தது. பெண்கள் அமைப்புகளும் ஆய்வாளர்களும் கேள்வி எழுப்பினார்கள்.

எங்கட ஊரிலேயே நுரைச்சோலை இருக்கு. சவூதி அரசின் நிதியில், சுனாமியில் வீடிழந்தோருக்காகக் கட்டிய 500 வீடுகள். யாருக்குப் பகிர்வது என்பது வழக்காகி, எல்லா இனத்தவருக்கும் விகிதப்படி பகிர வேண்டும் என்று உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லி, அதன் பிறகும் பத்து ஆண்டுகளுக்கு மேல் அவை பூட்டிக் கிடந்தன. காடு மூடிய அந்த வீடுகளின் படத்தைப் பார்த்தால், ஈரக்காற்று ஒரு வீட்டை என்ன செய்யும் என்பதற்கு வேறு ஆய்வுகூடம் தேவையில்லை. அந்தச் சுவர்களுக்குக் குறைந்தது மெஷின் இல்லை. காலையில் யன்னலைத் திறக்க ஒரு ஆள் இல்லை.

ஆவி மெஷின் வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. மூட்டைப்பூச்சிக்கு அது நல்ல ஆயுதம். டைல்ஸ் இடுக்கின் பிசுக்கு, அடுப்படி எண்ணெய், குளியலறைச் சவர்க்காரப் படை இதெல்லாம் அழகாகக் கழரும். ஆனால் குழாய் முனையில் இருந்து ஆறு அங்குலம் தள்ளிப் பிடித்தாலே சூடு பாதியாகப் போய்விடும். ஒட்டிப் பிடித்து, மெதுவாக நகர்த்த வேண்டும். மெத்தைக்கும் செட்டிக்கும் என்றால் கச்சான் அடிக்கிற மாதங்களில் கூப்பிடுங்கள், மாரியில் வேண்டாம். வருகிறவரிடம் எத்தனை பாகை என்று கேட்பதற்கு முன்னால், காய வைப்பது எப்படி, மின்விசிறியும் ஈரம் உறிஞ்சும் மெஷினும் கொண்டு வருவீர்களா என்று கேளுங்கள். உப்புப் பூத்த சுவர் என்றால் பழைய பூச்சைக் கொத்தி எடுத்து, திரும்பச் சுண்ணாம்புப் பூச்சுப் போடத் தெரிந்த மேசனைத் தேடுவதுதான் வேலை. அப்படி ஒருவர் உங்கள் பகுதியில் இன்னும் இருந்தால், கூலியோடு சேர்த்து அவருடைய கலவைக் கணக்கையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.