சிரிப்புக்கும் குடியேற்றத் தடையோ?

அந்நியர் குடியேறினால் கூலி குறையும், வீடு கிடையாது என்று அலறுவோரைக் கப்பலேறி வந்தோர் வழியினராகிய நாம் நன்கறிவோம். இங்கிலாந்திலோ, தம் நாட்டுக்கே உரிய நகைச்சுவையும் அழிந்துவிடும் என்று ஏங்குவோர் உளர். அந்நியன் துறைமுகத்தில் கால் வைத்ததும் ஆங்கிலேயனுக்குச் சிரிப்பே மறந்துபோகுமாம்!

அந்நாட்டுக் கடற்கரைகளில் தலைமுறை தலைமுறையாகக் குழந்தைகளைச் சிரிக்க வைத்தவன் பஞ்ச் என்னும் பொம்மை. கூன் முதுகும் வளைந்த மூக்குமாய், மனைவியையும் காவலனையும் தடியால் புடைப்பவன். இவன் எவ்வூரான்? இத்தாலிய நாடகத்துப் புல்சினெல்லா என்னும் கோமாளியே இவன். 1662-ம் ஆண்டு மே 9-ந் தேதி லண்டன் கவெண்ட் கார்டனில் இத்தாலியப் பொம்மலாட்டம் கண்டு மகிழ்ந்ததாகச் சாமுவேல் பீப்ஸ் தம் நாட்குறிப்பில் எழுதினார். இரு வாரங் கழித்து மனைவியையும் அழைத்துச் சென்றார். அவரது நகைச்சுவை கெட்டதாகக் குறிப்பில்லை.

1841-ல் தோன்றிய ஆங்கிலேயரின் புகழ்பெற்ற நகைச்சுவை வார இதழும் இவன் பெயரையே சூடிக்கொண்டது. ஐரிஷ்காரரைக் குரங்காக வரைந்து நகைத்த அவ்விதழுக்குப் பெயர் தந்தவன் ஓர் இத்தாலியக் கோமாளி! இதனினும் சிறந்த ஹாஸ்யம் அதில் வெளிவந்ததுண்டோ? வாங்குவார் குறைந்து 1992-ல் நின்று, மீண்டும் எழுந்து, 2002-ல் அது முற்றும் மடிந்தது. கொன்றவன் அந்நியன் அல்லன்.

ஏழை யூதரின் வருகையைத் தடுக்கவே 1905-ல் அந்நியர் சட்டம் பிறந்தது. பின்னர் 1938-ல் ஹங்கேரியிலிருந்து வந்து தங்கிவிட்ட யூதராகிய ஜார்ஜ் மிக்கேஷ், அந்நியனாக வாழ்வது எவ்வாறு என்று 1946-ல் ஒரு சிறு நூல் எழுதி, ஆங்கிலேயரின் தேநீரையும் வரிசையில் நிற்கும் பழக்கத்தையும் எள்ளி நகையாடினார். கோபிப்பார்கள் என்றே எதிர்பார்த்தார். அவர்களோ விலை கொடுத்து வாங்கிச் சிரித்தார்கள்.