பாடு முறை (பழவேற்காடு)

பாடு முறை என்பது பழவேற்காடு ஏரியில் வலையிடும் இடங்களை மீனவரிடையே முறைவைத்துப் பங்கிடும் மரபுவழி ஏற்பாடு ஆகும். வலையிடும் இடமே இங்கு பாடு எனப்படுகிறது. திருவள்ளூர் மாவட்டத்தின் கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்களின் பட்டினவர் சமூகத்தினர் இவ்வுரிமையை மரபாகக் கொண்டவர்கள்.

நலமுரணும் குலுக்கலும்

எல்லாப் பாடுகளிலும் இறால் ஒரே அளவில் கிடைப்பதில்லை. பங்கீட்டை மேற்பார்வையிடும் ஊர்ப் பெரியவர்களும் வலையிடும் மீனவர்களே. எனவே நல்ல பாட்டைத் தமக்கோ உறவினருக்கோ ஒதுக்கிக்கொள்ள வாய்ப்புண்டு. குலுக்கலும் சுழற்சியும் இதனைத் தடுக்கின்றன. எவருக்கு எந்தப் பாடு என்பது தலைவரின் விருப்பத்தைச் சார்ந்ததன்று.

சட்ட நிலை

தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 1994, ஊராட்சியின் ஒப்பந்தங்களில் ஆதாயத் தொடர்புள்ளவரை உறுப்பினர் பதவிக்குத் தகுதியற்றவராக்குகிறது. இவ்விதி தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சிகளுக்கு உரியது. மீனவரின் மரபுவழி ஊர்ப் பஞ்சாயத்துக்குப் பொருந்தாது.

விமர்சனம்

குலுக்கல் உரிமையாளரிடையே மட்டுமே நடுநிலையைக் காக்கிறது. யார் உரிமையாளர் என்பதை உரிமையுள்ள ஊர்களே தீர்மானிக்கின்றன. இதனால் பெண்களும், தலித், இருளர் முதலிய ஏனைய மீனவரும் பங்கீட்டுக்கு வெளியே நிற்கின்றனர். இறால் ஏற்றுமதி வளர்ந்த பின்னர் இதன் பொருட்டுப் பிணக்குகள் எழுந்தன.