மண்ணுக்குள் புதைத்த தாழிகள்

விடுமுறைக்கு ஜார்ஜியா போகிறீர்களா? தலைநகர் திபிலீசியோடு திரும்பிவிடாதீர்கள். கிழக்கே ககேத்தி கிராமங்களுக்கும் போய் வாருங்கள்.

அங்கே திராட்சைச் சாற்றைத் தோல், விதையோடு 'க்வேவ்ரி' என்னும் பெரிய மண் தாழியில் ஊற்றி ஒயின் ஆக்குகிறார்கள். தாழி கழுத்துவரை தரையில் புதைந்திருக்கும். சுமார் 8,000 ஆண்டுகளுக்கு முந்தைய ஒயின் தடயம் கிடைத்த நாடு அது.

500-க்கும் மேற்பட்ட திராட்சை வகைகள் அந்த மண்ணுக்கே உரியவை. சோவியத் காலத்து அரசுப் பண்ணைகளோ ரகட்சிதெலி, சபெராவி போன்ற சிலவற்றையே பெருக்கின. 1985-இல் கோர்பச்சேவின் மது எதிர்ப்பு இயக்கத்தில் தோட்டங்களும் அழிக்கப்பட்டன. அப்போதும் பல வகைகள் வீட்டுக் கொல்லைகளில் பிழைத்தன. தாத்தா வைத்த கொடியைப் பேரன் வெட்டவில்லை, அவ்வளவுதான். 2013-இல் யுனெஸ்கோ இந்தத் தாழி முறையைத் தன் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

போனால், இதுவரை கேள்விப்படாத வகையைக் கேட்டு வாங்குங்கள். குடிக்காதவர்கள் அறுவடைக் காலமான செப்டம்பர், அக்டோபரில் பழமாகவே சுவைக்கலாம். கேட்பவர் இருந்தால்தான் அந்தக் கொடிகள் நிற்கும்.