மனவடுவும் மூளையலையும்: ஒரு வரலாற்றுப் பார்வை

1942ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 26ஆம் நாள் இரவு, சூலூர் விமானத் தளம் விடுதலை வேட்கை கொண்டோரால் தீக்கிரையாக்கப்பட்டது. அதனைத் தொடர்ந்து சுற்றுப்புற ஊர்களில் காவல் துறையின் கெடுபிடிகளும் கைதுகளும் நிகழ்ந்தன. சிறை சென்றோரின் தியாகத்தை நாம் இன்றும் போற்றுகிறோம். ஆயினும், அந்நாள்களின் அச்சம் இவ்வட்டாரத்து இல்லங்களில் எத்துணைக் காலம் உறைந்து நின்றது என்பதை நாம் எழுதி வைத்தோமா?

1998 பிப்ரவரி 14 அன்று கோவையில் குண்டுகள் வெடித்து 58 பேர் மாண்டனர். 2021 டிசம்பர் 8 அன்று சூலூரிலிருந்து வெலிங்டன் நோக்கிப் புறப்பட்ட ஹெலிகாப்டர் குன்னூர் அருகே வீழ்ந்து எரிந்தது. முப்படைத் தலைமைத் தளபதி விபின் ராவத் உள்ளிட்ட 14 பேரும் உயிரிழந்தனர். தண்ணீர்க் குடங்களோடு ஓடி வந்த மலைச் சிற்றூர் மக்கள் அத்தீயைக் கண்ணெதிரே கண்டனர். மாண்டோரை எண்ணக் கற்ற நாம், கண்டோரின் உள்ளத்தில் பட்ட காயத்தை எண்ணக் கற்றோமில்லை. அக்காயத்திற்கு ஈழத்து மனநல மருத்துவர்கள் வழங்கிவரும் அழகிய சொல் 'மனவடு' என்பதாகும்.

மனவடுவை நோயென உலகம் ஏற்ற வரலாற்றில், நம் அண்டை மலையோடு தொடர்புடைய ஒருவர் இடம்பெறுகிறார். கேம்பிரிட்ஜ் அறிஞர் ரிவர்ஸ், 1901-02இல் நீலகிரியில் தங்கித் தோடர் மக்களின் வாழ்வை ஆராய்ந்து, 1906இல் அவர்களைப் பற்றிய பெருநூலை வெளியிட்டார். பின்னர் முதல் உலகப் போர் மூண்டது. பீரங்கிக் குண்டுகளின் நடுவே நின்ற வீரர் பலர், உடலில் காயமின்றியே பேச்சிழந்தனர், நடுங்கினர், உறக்கத்தில் அலறினர். ரிவர்சின் பழைய தோழர் மையர்ஸ் 1915இல் இந்நிலையை 'ஷெல் ஷாக்' என்ற பெயரால் மருத்துவ இதழொன்றில் விவரித்தார். படைத் தலைமையோ இவர்களுள் பலரைக் கோழைகள் என்றே கருதியது. போர்முனையை விட்டு ஓடியமை, கோழைத்தனம் முதலிய குற்றங்களுக்காகச் சுட்டுக் கொல்லப்பட்ட 306 வீரர்களுக்குப் பிரிட்டன் மன்னிப்பு வழங்கியது 2006இல்தான் என்பது நெஞ்சை உறுத்தும் செய்தி.

எடின்பரோவை அடுத்த கிரெய்க்லாக்கார்ட் மருத்துவமனையில் பணியாற்றிய ரிவர்ஸ், 'மறந்துவிடுங்கள்' என்னும் அக்கால அறிவுரையை மறுத்தார். வலிந்து அழுத்தப்படும் நினைவே கனவில் பேயுருக் கொள்கிறது. நம்பிக்கைக்குரிய ஒருவரிடம் சிறுகச் சிறுகப் பேசும்போது அதன் கொடுமை தணிகிறது என்று கண்டார். அமெரிக்க மனநல மருத்துவக் கழகம் இந்நோய்க்குத் தன் வகைப்பாட்டில் தனிப்பெயர் தந்தது 1980இல். வியட்நாம் போர் முடிந்து ஐந்தாண்டுகள் கழித்து.

இதற்கிடையே வேறொரு பாதையும் உருவாகி வந்தது. 1890களில், ஜெர்மானியப் படையில் பயிற்சி பெற்ற ஹான்ஸ் பெர்கர் என்னும் இளைஞர், குதிரையினின்று விழுந்து, பீரங்கி வண்டியின் சக்கரத்தில் நசுங்காமல் மயிரிழையில் தப்பினார். அன்று மாலையே அவர் நலம் கேட்டுத் தந்தையின் தந்தி வந்தது. தமக்கையின் உள்ளத்தில் எழுந்த அச்சமே அதற்குக் காரணம் என்றறிந்து வியந்த பெர்கர், உள்ளத்தின் ஆற்றலை அளக்கும் வழி தேடி மருத்துவரானார். தேடியது கிட்டவில்லை, ஆனால் 1924இல் மனித மூளையின் மின்னலைகளை முதன்முதலாகப் பதிவு செய்து, 1929இல் வெளியிட்டார்.

அவ்வலைகளை மனிதன் தானே மாற்றப் பழகலாம் என்பதை அமெரிக்காவில் ஜோ கமியா 1950களின் இறுதியில் தொடங்கிய ஆய்வுகள் காட்டின. 1960களில் பாரி ஸ்டெர்மன் பூனைகளுக்குக் குறிப்பிட்டதோர் அலையைப் பெருக்கப் பயிற்றினார். அப்பூனைகள், ராக்கெட் எரிபொருளின் நச்சால் வரும் வலிப்பை மற்றப் பூனைகளைவிட நெடுநேரம் தாங்கின. இவ்வாறு பிறந்ததே 'நியூரோபீட்பேக்' என்னும் மூளையலைப் பயிற்சி.

இதில் மூளைக்குள் மின்சாரம் செலுத்தப்படுவதில்லை. தலையில் ஒட்டிய சிறு மின்வாய்கள் அலைகளைக் கணிப்பொறிக்கு அனுப்புகின்றன. விரும்பிய அலை எழும்போது திரையில் படம் ஓடும், அல்லது இசை ஒலிக்கும். அலை மாறினால் அது நிற்கும். முகம் பார்க்கும் கண்ணாடி போல மூளைக்கு அதன் நிலை காட்டப்படுகிறது. ஆபத்து நீங்கிய பின்னும் அபாய மணி அடித்துக்கொண்டேயிருக்கும் மூளை, பல அமர்வுகளில் அமைதியைக் கற்றுக்கொள்ளும் என்பதே எதிர்பார்ப்பு.

1991இல் பெனிஸ்டன், குல்காஸ்கி என்னும் இருவர், வியட்நாம் போரில் மனவடுற்ற வீரர்களுக்கு இப்பயிற்சி அளித்து நற்பயன் கண்டதாக வெளியிட்டனர். 2016இல் வான் டெர் கோல்க் குழுவினர், நெடுநாள் மனவடுவுற்ற 52 பேரை ஆராய்ந்தனர். 24 அமர்வுகளுக்குப் பின், பயிற்சி பெற்றோருள் 27 விழுக்காட்டினரே நோயின் வரையறைக்குள் எஞ்சினர். பயிற்சி பெறாது காத்திருந்தோருள் அது 68 விழுக்காடு. நம் நாட்டில் பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனத்து ஆய்வாளர்கள், தலைக்காயமுற்றோருக்கு இம்முறையைப் பயன்படுத்தி ஆய்வுகள் வெளியிட்டுள்ளனர்.

எனினும் இங்கே நிதானம் தேவை. மேற்சொன்ன ஆய்வுகள் சிறியன. போலிப் பயிற்சியோடு ஒப்பிட்டு, எது எவருக்கு அளிக்கப்படுகிறது என்பதை மறைத்து நடத்தப்பட்டவை அல்ல. கவனக் குறைவுள்ள சிறார்க்கு அவ்வாறு கண்டிப்பாக நடத்தி 2021இல் வெளியான பெரிய ஆய்வொன்றில், உண்மைப் பயிற்சி போலிப் பயிற்சியை விஞ்சவில்லை. எனவே இம்முறையை முறையான மனநல மருத்துவத்திற்குத் துணை எனக் கொள்ளலாமே தவிர, மாற்றெனக் கொள்ளல் ஆகாது. 'மூளையையே மாற்றித் தருவோம்' என்று பெருந்தொகை கேட்போரிடம் நம் குடும்பங்கள் விழிப்பாயிருத்தல் நலம்.

இவ்வரலாற்றில் நாம் கற்கும் பாடம் எளியது. நடுங்குபவனைக் கோழை என்ற படைத் தலைமையின் பிழையை நாம் நம் இல்லங்களில் செய்யலாகாது. விபத்தில் தப்பியவர் உறங்க இயலாது தவிக்கையில், 'செபம் போதவில்லை' என்றோ, 'மனத்தைத் திடப்படுத்து' என்றோ சொல்லி நகர்தல் அன்பாகாது. செபமும் மருத்துவமும் ஒன்றற்கொன்று பகையல்ல. அரசு மருத்துவமனைகளின் மனநலப் பிரிவுகளும், 2022இல் தொடங்கப்பெற்ற 14416 என்னும் தொலைபேசி உதவியும் நமக்காகவே உள்ளன. அங்கு செல்லத் தயங்குபவரோடு நாமும் உடன் செல்லலாம். அவர் பேச விழையும் நாளில், இடைமறியாது கேட்கலாம். தோடர் மலையில் பிறர் சொல்லைப் பொறுமையோடு கேட்டுப் பழகிய ரிவர்ஸ், போர்க்கால மருத்துவமனையில் செய்ததும் அதுவே.