ஆன்லைனில் படம் வரையக் கொடுக்கிறீங்களா? 'டிரேஸ்' செய்ததா, பார்த்துக் கற்பனையில் வரைந்ததா... கண்டுபிடிப்பது எப்படி?

இன்ஸ்டாகிராமில் ஓவியரைத் தேடி, ஜிபே-யில் அட்வான்ஸ் அனுப்பி, வாட்ஸ்அப்பில் படத்தை வாங்கும் காலம் இது. கல்யாணப் பத்திரிகை, கடை லோகோ, பாக்கெட் டிசைன் என எல்லாமே இப்படித்தான் போகுது. வந்த படம் அழகாகத்தான் இருக்கும். ஆனால் அது யாரோ எடுத்த போட்டோவின் மேல் கோடு இழுத்து உருவாக்கியதாக இருந்தால்? சிக்கல் ஓவியருக்கு மட்டுமல்ல, காசு கொடுத்த உங்களுக்கும்தான்.

ஒரு உதாரணம் பார்க்கலாம். ஜவ்வாது மலைத் தேனையும் சாமை அரிசியையும் விற்கும் ஒரு சிறு குழு என்று வைத்துக்கொள்வோம். ஜமுனாமரத்தூர் அருகே இருக்கும் பீமன் நீர்வீழ்ச்சியை பாக்கெட்டில் போட ஆசைப்படுகிறார்கள். சென்னையில் இருக்கும் ஓவியர் மலைக்கே வந்ததில்லை. கூகுளில் தேடி, கிடைக்கும் போட்டோக்களைப் பார்த்துத்தான் வரையப் போகிறார். அதில் தப்பில்லை. எப்படி வரைகிறார் என்பதுதான் கேள்வி.

டிரேஸ் எது, இன்ஸ்பிரேஷன் எது?

ஒரு படத்தைக் கீழே வைத்து அதன் கோடுகளை அப்படியே மேலே இழுத்தால் அது டிரேஸ். பல படங்களைப் பார்த்து, அருவி எப்படி விழுகிறது, பாறை எப்படி இருக்கிறது என்று புரிந்துகொண்டு, தன் கோணத்தில், தன் வெளிச்சத்தில் புதிதாக அமைத்தால் அது இன்ஸ்பிரேஷன்.

டிரேஸ் செய்வதே குற்றமா? இல்லைங்க. தஞ்சாவூர் ஓவியத்தில் கோட்டுருவத்தைப் பலகையில் பிரதி எடுத்து ஆரம்பிப்பது வழக்கமான முறை. ஓவியர் தானே எடுத்த போட்டோவையோ, அனுமதி வாங்கிய போட்டோவையோ டிரேஸ் செய்யலாம். அடுத்தவர் படத்தை அனுமதி இல்லாமல் எடுத்து, சொந்தப் படைப்பு என்று விற்பதுதான் பிரச்சினை.

சட்டம் என்ன சொல்கிறது?

கருத்துக்கு காப்புரிமை கிடையாது, அதை வெளிப்படுத்திய விதத்துக்குத்தான் உண்டு. 1978-ல் ஆர்.ஜி.ஆனந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது. 'ஹம் ஹிந்துஸ்தானி' என்ற நாடகத்தைக் காப்பி அடித்து 'நியூ டெல்லி' என்ற படத்தை எடுத்தார்கள் என்பது புகார். கரு ஒன்றாக இருந்தாலும் சொன்ன விதம் வேறு என்று நீதிமன்றம் அந்தப் புகாரை ஏற்கவில்லை. இரண்டையும் பார்த்தவருக்கு 'இது அதோட காப்பிதான்' என்று சந்தேகமில்லாமல் தோன்றுகிறதா என்பதே முக்கிய அளவுகோல்.

நம்ம உதாரணத்துக்கு வந்தால், அருவி யாருக்கும் சொந்தமில்லை. அதை எடுத்த போட்டோவுக்கு உரிமையாளர் உண்டு.

'கையாலதான் வரைஞ்சேன்' என்றால் தப்பிக்கலாமா?

முடியாது. லக்சம்பர்க் நாட்டில் நடந்த வழக்கு இதற்கு நல்ல உதாரணம். சிங்கப்பூரில் வளர்ந்த புகைப்படக் கலைஞர் ஜிங்னா ஜாங் எடுத்த ஒரு போட்டோவை இடவலமாகத் திருப்பிப் போட்டதுபோல் ஒரு ஓவியம் இருந்தது. ஜெஃப் டீஷ்பர்க் என்பவர் வரைந்த அந்த ஓவியம் 2022-ல் ஒரு கண்காட்சியில் 1,500 யூரோ பரிசும் வாங்கியது. ஜாங் வழக்குப் போட்டார். கீழ் நீதிமன்றத்தில் தோற்றார். 2024 மே மாதம் மேல்முறையீட்டில் ஜெயித்தார். தூரிகையால் வரைந்தாலும், முகத்தை வலமிருந்து இடமாகத் திருப்பினாலும் காப்பி காப்பிதான்.

கண்டுபிடிக்க 5 வழிகள்

1. படத்தை கூகுள் லென்ஸில் போட்டுத் தேடுங்கள். பிறகு அதையே இடவலமாகத் திருப்பி இன்னொரு முறை தேடுங்கள். முகம், அருவி, மரம் என்று பகுதி பகுதியாக வெட்டியும் தேடலாம்.

2. மூலப் படம் கிடைத்தால், ஏதாவது ஒரு போட்டோ எடிட்டிங் ஆப்பில் ஒன்றின் மேல் ஒன்றை வைத்து, மேலே இருப்பதைப் பாதி தெரியும்படி மங்கலாக்குங்கள். கண்ணால் பார்த்து வரைந்தால் பெரும்பாலும் ஒரு இடம் பொருந்தும்போது இன்னொரு இடம் விலகும். எல்லா ஓரமும் ஒன்றாக உட்கார்ந்தால் சந்தேகப்படலாம்.

3. தற்செயலான விஷயங்களைக் கவனியுங்கள். அன்றைக்குப் பாறையில் சிக்கியிருந்த ஒரு கிளை, போட்டோ ஓரத்தில் பாதி வெட்டுப்பட்ட ஆள், புடவை மடிப்பு இதெல்லாம் ஓவியத்திலும் வந்திருக்கிறதா? யோசித்து வரைபவர் இவற்றை வைக்கத் தேவையே இல்லை.

4. நிழலைப் பாருங்கள். ஆளின் நிழல் ஒரு பக்கம், மரத்தின் நிழல் மறுபக்கம் என்றால், வெவ்வேறு படங்களிலிருந்து எடுத்து ஒட்டியிருக்க வாய்ப்புண்டு.

5. ரஃப் ஸ்கெட்ச், லேயர்கள் ஒன்றாக இணைக்கப்படாத ஒரிஜினல் ஃபைல், எந்தெந்தப் படங்களைப் பார்த்து வரைந்தார் என்ற பட்டியல் மூன்றையும் கேளுங்கள். வரைந்த வீடியோ மட்டும் போதாது. கீழே வைத்த படத்தை வீடியோவில் தெரியாமல் மறைக்கவும் முடியும்.

ஒரே மாதிரி இருந்தாலே திருட்டா?

அவசரப்படாதீர்கள். காவலூர் வானியல் ஆய்வகத்தின் வெள்ளைக் கோபுரத்தை யார் வரைந்தாலும் ஓரளவு ஒரே மாதிரிதான் வரும். அருவியையும் எல்லோரும் ஒரே இடத்தில் நின்றுதான் படம் எடுக்கிறார்கள். ஒரே ஒரு அடையாளத்தை வைத்து ஓவியரை சோஷியல் மீடியாவில் திட்டினால், நேர்மையாக வரைந்தவரின் பிழைப்பு போய்விடும். முதலில் அவரிடமே கேளுங்கள். பார்த்து வரைந்தவரால் எதை எடுத்தோம், எதை மாற்றினோம் என்று சொல்ல முடியும்.

ஆர்டர் கொடுக்கும்போது என்ன எழுதி வாங்கணும்?

காசு கொடுத்து வரையச் சொன்ன ஓவியத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், வரையச் சொன்னவரே முதல் உரிமையாளர் என்கிறது 1957 காப்புரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவு. ஆனால் லோகோ, டிசைன் போன்றவற்றுக்கு இதை நம்பி இருக்காமல், உரிமையை எழுதிக் கையெழுத்து வாங்குவதே பாதுகாப்பு. அதில் காலம் குறிப்பிடாவிட்டால் 5 வருடம் என்றும், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் 19-வது பிரிவு எடுத்துக்கொள்ளும். எனவே இரண்டையும் எழுதுங்கள். 'அடுத்தவர் படத்தை டிரேஸ் செய்யவில்லை, ஏஐ பயன்படுத்தியிருந்தால் சொல்லியிருக்கிறேன், புகார் வந்தால் பணத்தைத் திருப்பித் தருவேன்' என்ற வரியும் இருக்கட்டும்.

பணத்தை மூன்றாகப் பிரித்துக் கொடுங்கள்: அட்வான்ஸாக ஒரு பங்கு, ரஃப் ஸ்கெட்ச் பார்த்த பிறகு ஒரு பங்கு, ஃபைல் கைக்கு வந்து சரிபார்த்த பிறகு மீதி.

பாக்கெட் அச்சடித்த பிறகு தெரிந்தால்?

'எனக்குத் தெரியாது' என்பது ஓரளவுக்குத்தான் காப்பாற்றும். தெரியாமல் பயன்படுத்தியதாக நிரூபித்தாலும், விற்பனையை நிறுத்தச் சொல்லவும், அதில் வந்த லாபத்தைக் கேட்கவும் போட்டோ உரிமையாளருக்கு 55-வது பிரிவில் வழி இருக்கு. அதனால் தெரிந்ததும் அச்சடிப்பதை நிறுத்துங்கள். போட்டோ எடுத்தவரைத் தொடர்புகொண்டு அனுமதி கேளுங்கள். பல நேரம் நியாயமான ஒரு தொகையும், பெயர் போடுவதும் போதுமானதாக இருக்கும்.

ஜவ்வாது மலைக் குழுவுக்கு இதைவிட சுலபமான வழி ஒன்று உண்டு. அருவியை அவர்களே போனில் நாலு கோணத்தில் எடுத்து ஓவியருக்கு அனுப்பினால் போதும். அதை அவர் டிரேஸ் செய்தாலும் யாரும் கேள்வி கேட்க முடியாது.