மெய்நிகர் சர்வர்களுக்கான மென்பொருள் உரிமம்

ஒரே சர்வர் கணினிக்குள் பல விர்ச்சுவல் மெஷின்கள் (மெய்நிகர் சர்வர்கள்) ஓடும்போது, இயங்குதளத்துக்கும் தரவுத்தளத்துக்கும் எத்தனை உரிமம் வாங்க வேண்டும் என்பதை வரையறுக்கும் விதிகள் இவை. பெரும்பாலும் இவை விர்ச்சுவல் மெஷினை எண்ணுவதில்லை. அது ஓடக்கூடிய இரும்புப் பெட்டியின் ப்ராசசர் கோர்களை எண்ணுகின்றன. செலவு ஏறுவது இந்த இடத்தில்தான்.

வடபழனி ஆற்காடு சாலையில் ஒரு கணக்குத் தணிக்கை அலுவலகம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 16 கோர் சர்வர்கள் இரண்டு. ஒவ்வொன்றிலும் விண்டோஸ் விர்ச்சுவல் மெஷின்கள் இரண்டு. விண்டோஸ் சர்வர் 2016 பதிப்பிலிருந்து உரிமம் கோர் கணக்கில் விற்கப்படுகிறது; ப்ராசசருக்குக் குறைந்தது 8, சர்வருக்குக் குறைந்தது 16. எல்லாக் கோர்களுக்கும் ஸ்டாண்டர்ட் பதிப்பின் உரிமம் வாங்கினால் அந்தப் பெட்டியில் இரண்டு விர்ச்சுவல் மெஷின்கள் ஓட்டலாம். ஆகவே 32 கோர் உரிமம் போதும் என்று தோன்றும். போதாது. ஒரு சர்வரைப் பராமரிப்புக்காக நிறுத்தி நான்கையும் மற்றதற்கு மாற்றினால், அங்கே 32 வேண்டும். எந்தப் பக்கமும் மாறலாம் என்பதால் மொத்தம் 64. உரிமத்தையும் கூடவே மாற்றிக்கொள்ள முடியாதா? ஒருமுறை மாற்றினால் அடுத்த 90 நாள் மீண்டும் மாற்றக் கூடாது. வன்பொருள் நிரந்தரமாகப் பழுதானால் மட்டும் விலக்கு. விற்பனையாளரின் கொட்டேஷனில் இந்த 64 இருக்கிறதா என்று பார்ப்பது அவசியம்.

விண்டோஸ் சர்வரின் டேட்டா சென்டர் பதிப்பில் விர்ச்சுவல் மெஷின்களுக்கு எண்ணிக்கை வரம்பில்லை. விண்டோஸ் சர்வர் 2022 வெளியீட்டில் இதன் அமெரிக்கப் பட்டியல் விலை 16 கோருக்கு 6,155 டாலராகவும் ஸ்டாண்டர்டுக்கு 1,069 டாலராகவும் இருந்தது. அந்த விலையில், 16 கோர் சர்வர் ஒன்றில் பதினோராவது விர்ச்சுவல் மெஷின் வந்தால் டேட்டா சென்டரே மலிவு. சர்வரை அணுகும் ஊழியருக்கோ கருவிக்கோ தனி அணுகல் உரிமமும் தேவை. 2022 அக்டோபர் முதல், சந்தாவோ, சாஃப்ட்வேர் அஷ்யூரன்ஸ் என்ற பராமரிப்பு ஒப்பந்தமோ வைத்திருப்பவர்கள் விர்ச்சுவல் மெஷினுக்கு ஒதுக்கிய விர்ச்சுவல் கோர் கணக்கிலும் வாங்கலாம்.

தரவுத்தளம் விற்கும் ஆரக்கிள் இதைவிடக் கடுமை: விஎம்வேர் என்ற மெய்நிகராக்க மென்பொருள் மூலம் செய்யும் பிரிவினையை உரிமக் குறைப்புக்கு அது ஏற்பதில்லை. விஎம்வேர் நிறுவனத்தையே 2023 நவம்பரில் பிராட்காம் நிறுவனம் வாங்கியது. அடுத்த மாதமே நிரந்தர உரிம விற்பனையை நிறுத்திச் சந்தாவுக்கு மாறியது. கேவிஎம் என்ற மெய்நிகராக்க மென்பொருள், சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் இயங்குதளம் போன்ற திறமூல மென்பொருள்களுக்கு இந்தக் கோர் கணக்கு இல்லை. ஆனால் கேவிஎம்மின் மேல் விண்டோஸ் ஓடினால், விண்டோஸுக்கான கணக்கு அப்படியே நிற்கும்.

உரிம விதிகளுக்குச் சட்டப் பின்புலமும் உண்டு: இந்தியாவில் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் கணினி நிரலை இலக்கியப் படைப்பாகக் கருதுகிறது. உரிமம் மீறிய நகலை அறிந்தே கணினியில் பயன்படுத்தினால், 63பி பிரிவின்படி 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறையும் 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் வரை அபராதமும் உண்டு.